மறுமுறை எடுக்காத சீட்டு

அறுபதுகளில் திருவள்ளூரில் இருந்துகொண்டு பழைய கிரேக்க மொழி படித்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்திருந்தால் எப்படியாவது தேடி வந்து என்னைப் பிடித்திருப்பார். அவ்வளவு தனிமையான படிப்பு அது. ஆனால் ரகசியமாகப் படிக்கவும் வழியில்லை. காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே சென்னைக்குப் போவேன். ஒரு வினைச்சொல்லின் உருவங்களைச் சொல்லத் தொடங்கினால் ஆவடி வந்துவிடும். சொல்லி முடிப்பதற்குள் சென்ட்ரல். எதிர் இருக்கையில் வழக்கமாக வரும் ரயில்வே பட்டறை ஆள் ஒருவர் ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டே விட்டார்.

"இன்னா சார், டெய்லி மந்திரம் சொல்லிக்கினு வர. யாருக்கு வைக்கிற சூனியம்?"

"மந்திரம் இல்லைங்க. கிரேக்கம். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பாஷை."

"அத்த பேசறவன் எவனாச்சும் இப்ப கீறானா?"

"இல்லை."

"அப்ப யார்கிட்ட சார் பேசப் போற?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்த வயதில் மூக்கின் மேல் கோபம். மறுநாளிலிருந்து ஒரு வாரம் வேறு பெட்டியில் ஏறினேன். அந்தப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காததால் திரும்பி வந்துவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்குப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கரியம். பெருமாளுக்குத் தளிகை பண்ணுவது அப்பாவின் வேலை. விடிவதற்கு முன் குளித்துவிட்டுப் போனால் மதியம்தான் வருவார், உடம்பு முழுக்க நெய்யும் புகையும் மணக்கும். அமாவாசை வந்துவிட்டால் ஊரே கொள்ளாத கூட்டம், அன்றைக்கு அப்பாவை வீட்டில் பார்க்கவே முடியாது. நான் மடப்பள்ளிக்குப் போகாமல் கல்லூரிக்குப் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது, ஆனால் சொன்னதில்லை. கிரேக்கம் படிக்கிறேன் என்று சொன்னபோது, "பழைய பாஷைதானேடா. அப்போ தப்பா ஒண்ணும் எழுதியிருக்கமாட்டா" என்று மட்டும் சொன்னார். பழையது என்றால் அவருக்கு எல்லாம் நல்லதுதான்.

நான் அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் ஒரே ஒரு கேள்வி. எம்.ஏ. வகுப்பில் அரசியல் படிக்கும்போது, பழைய கிரேக்க ஊர் ஒன்றில் பெரும்பாலான அதிகாரிகளைத் தேர்தல் வைத்து எடுக்கவில்லை, சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள் என்று ஒரு வரி வந்தது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. எண்ணெய் விற்பவனும் தோல் பதனிடுபவனும் ஒரு வருஷம் ஊரை ஆண்டுவிட்டு மறுபடி கடைக்குப் போய் உட்கார்ந்தார்களா? அது எப்படி நடந்தது? மொழிபெயர்ப்புகள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லின. மூலத்தைப் படித்தால்தான் ஆயிற்று என்று மூர் மார்க்கெட்டில் பழைய இலக்கணப் புத்தகம் ஒன்று வாங்கினேன். நடுவில் பக்கங்கள் இல்லை. பாதிரியார்களுக்குப் பயிற்சி தரும் ஒரு கல்லூரியின் நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போய், இல்லாத பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தேன்.

அரசுக் கல்லூரியில் அரசியல் துறையில் வேலை கிடைத்தது. அதே கேள்வியை வைத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். துறையில் என்னைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. சோழர் காலத்துக் குடவோலையை விட்டுவிட்டுக் கடல் கடந்து போய்ப் பானையில் கைவிடுகிறானே என்பார் ஒருவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார் இன்னொருவர். நான் குறிப்பு எடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தில். நல்ல தடித்த அட்டை, இலவசம். சரிபாதியாக வெட்டி, செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு பக்கம் கிரேக்கச் சட்டம், மறுபக்கம் யாருடைய சிரஞ்சீவிக்கோ யாருடைய சௌபாக்கியவதியோ. ஒரு வாக்கியம் எழுதினாலும் பெட்டியில் அதற்கு ஒரு அட்டை இருக்க வேண்டும், அட்டை இல்லாத வாக்கியத்தை எழுதக்கூடாது என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம்.

என் ஆய்வின் வாதம் இதுதான்: கிரேக்கர்களின் சீட்டு சாமி காரியம் இல்லை, முழுக்க அரசியல். பணக்காரனும் வாய்ச்சாலக்காரனும் தேர்தலில் ஜெயிப்பார்கள், சீட்டில் எல்லாரும் ஒன்று. சீட்டைக் கடவுளின் விருப்பம் என்று சொன்ன பழைய ஆராய்ச்சியாளர்களை நான் ஓட ஓட விரட்டி எழுதினேன். மடப்பள்ளிக் குடும்பத்தில் பிறந்தவன் இப்படி எழுதுகிறேனே என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது. சாமியிலிருந்து வெளியே வந்தவன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் பாதியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பின. நேற்றுவரை வேர்க்கடலை போட்ட நிலத்தில் கம்பி வேலியும் தகரக் கூரையும் வந்தன. சுற்று ஊர்களில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் சைரன் சத்தத்துக்கு எழுந்து போகப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குடிமைப் பயிற்சி வகுப்பு எடுக்க எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு ஆள் கேட்டார்கள். யாரும் முன்வரவில்லை. முதல்வர் என் பக்கம் திரும்பி, "நீங்கதான் பத்து வருஷமா ஜனநாயகத்துக்குள்ளயே குடியிருக்கீங்களே" என்றார். அப்படித்தான் நான் போனேன்.

திருவள்ளூரிலிருந்து ஊத்துக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கே மாறி இன்னொரு பஸ். போய் இறங்கும்போது வேட்டி செம்மண் நிறத்தில் இருக்கும். ரயிலடிக்குப் பக்கத்தில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வகுப்பு. வந்தவர்கள் நாற்பது பேரும் ஒரே இரும்பு வார்ப்பட ஆலையில் வேலை செய்பவர்கள். பாதிப் பேர் இந்துக்கள், பாதிப் பேர் கிறிஸ்தவர்கள், எல்லாரும் தேர்வாய் கண்டிகைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்தும் ரயில் பாதையை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்தும் வருகிறவர்கள். நான் அரசியல் சட்டத்தில் தொடங்கினேன். கால்வாசிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். வாரத்தில் ஒருநாள் ஓய்வு, அதையும் நான் பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வார்கள்?

மூன்றாவது வாரம் அவர்களே ஒரு பேச்சை எடுத்தார்கள். ஆலையில் தொழிலாளர் சார்பாக நிர்வாகத்திடம் பேச ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர், கேன்டீன், கையுறை, இந்த மாதிரி விஷயங்களுக்கு. மண் அச்சு செய்யும் மூத்த தொழிலாளி ஒருவர், எல்லாரும் மோல்டர் என்று கூப்பிடுவார்கள், நடந்ததைச் சொன்னார்.

"போன தபா ஓட்டு போட்டோம் சார். மேக்க இருந்து வர்றவங்க ஒரு ஆளு, ரயிலடி ஆளுங்க ஒரு ஆளு. ஓட்டு எண்றதுக்கு முன்னாடியே மண்ட ஒடைஞ்சிச்சி. போலீசு வந்து ஒரே பேஜாரு. இப்ப ரெண்டு பக்கமும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கறதில்ல."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நான் ஊதினேன். தேர்தலே வேண்டாம், சீட்டுப் போடுங்கள் என்றேன். கிரேக்க ஊரின் கதையை அன்று மூச்சு விடாமல் சொன்னேன். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

"தோத்தவன் மூஞ்சிய எங்க கொண்டு போயி வச்சிக்குவான் சார்?" என்று மோல்டர் கேட்டார்.

"சீட்டில் தோற்றவன் என்று யாருமே கிடையாது" என்றேன்.

அது அவர்களுக்குப் பிடித்துவிட்டது. எல்லாருடைய பெயரையும் போடுவது என்று முடிவாயிற்று. பெண்கள் பெயரையும் போட வேண்டும் என்று நான் சொன்னேன். கிரேக்கர்கள் பெண்களைச் சேர்க்கவில்லை, அதில் அவர்களைவிட ஒரு படி மேலே போய்விட்டதாக எனக்கு நினைப்பு. அந்த வகுப்பில் ஐந்தாறு பெண்கள்தான் வந்தார்கள். மண் சலிப்பதும் சுமப்பதும் அவர்கள் வேலை.

அடுத்த ஞாயிறு போனபோது புதுப் பானை தயாராக இருந்தது. கழுத்தில் யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். கிறிஸ்தவர்கள் முதலில் எழுந்து நின்று ஜெபம் செய்தார்கள், தங்கள் வேதத்திலும் சீட்டுப் போட்டு ஆள் எடுத்த இடம் இருக்கிறது என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு இந்துக்கள் கற்பூரம் ஏற்றினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது.

"இதெல்லாம் எதற்கு? இது சாமி காரியம் இல்லை என்றுதானே அவ்வளவு நேரம் சொன்னேன்!"

"இருக்கட்டும் சார்" என்றார் மோல்டர். "சொம்மா எடுத்தா எவன் ஒத்துக்குவான்?"

விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் தன் கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டு ஒரு சீட்டை எடுத்தார். மோல்டர் பிரித்துப் படித்தார். மண் சலிக்கும் பெண்களில் ஒருவருடைய பெயர். முப்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காருவார், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. முந்திய வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு பக்கத்து ஆட்களும் எழுந்து அவரைக் கும்பிட்டார்கள். புத்தகத்தில் பத்து வருஷம் தேடியதை ஒரு பள்ளிக்கூட அறையில் கண்ணால் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் கை பம்ப் பக்கத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

"சார், என்ன உட்ருங்க சார். வேற சீட்டு எடுங்க."

"ஏன்மா? எவ்வளவு பெரிய மரியாதை இது!"

"மருவாத இருக்கட்டும் சார். அவங்கல்லாம் பர்மெனன்ட்டு. நான் டெம்பரவரி. நான் போயி வாயத் தொறந்தா மறுநாளு கேட்டுக்கு வெளியதான். எனுக்குப் பொண்ணு கீது சார், படிச்சிக்கினு கீது."

இவ்வளவு தெளிவாக யாரும் தன் நிலைமையைச் சொல்ல முடியாது. நான் அதைக் கேட்டேன். கேட்டுவிட்டு அவருக்கு ஒரு பாடம் நடத்தினேன். ஒருமுறை எடுத்த சீட்டை ஒருவருக்காக மாற்றினால் அடுத்தவரும் கேட்பார், பிறகு சீட்டுக்கு என்ன மதிப்பு? எடுத்தது எடுத்ததுதான். கிரேக்க ஊரிலும் இப்படித்தான், ஒருதரம் எடுத்த சீட்டை மறுதரம் எடுப்பதில்லை என்றேன்.

"அங்கயும் அப்படித்தானா சார்?"

"ஆமாம்."

"செரி சார். ஆண்டவரு சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நிம்மதியாக பஸ் ஏறினேன். அன்று மாலையே உட்கார்ந்து ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயத்தில், எடுத்த சீட்டு மறுமுறை எடுக்கப்படவில்லை என்பதுதான் அந்த முறைக்கு உயிர் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அதை எழுதியபோது பேனா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

அவர் அந்தப் பொறுப்பை நன்றாகவே செய்தார். தண்ணீர் டிரம்மை வெயிலிலிருந்து நிழலுக்கு மாற்றவைத்தார். பெண்களுக்குக் கையுறை வாங்கிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முன் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார், எழுந்து கேள்வி கேட்டார். ஒருமுறை என்னையே மடக்கினார்: "பணக்காரன் சீட்டுல வந்தா அவன் வேலைய ஆளு வச்சிப் பாப்பான். ஏழ வந்தா அவன் வேலைய யாரு பாப்பா சார்?" அதற்கும் அந்த ஊரில் ஏற்பாடு இருந்தது, பதவியில் இருக்கும் நாளுக்குக் கூலி கொடுத்தார்கள் என்று விளக்கினேன். "அங்க குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். நான் அவரைப் பற்றித் துறையில் எல்லாரிடமும் பேசினேன். ஏட்டுச் சுரைக்காய் என்றவரிடம் இரண்டு முறை சொன்னேன்.

அந்த ஆண்டோடு வகுப்புகள் முடிந்தன. நான் ஆய்வேட்டைத் தட்டச்சுக்குக் கொடுத்துவிட்டுப் பிழை திருத்துவதில் மூழ்கிவிட்டேன். பல மாதம் கழித்து ஊத்துக்கோட்டை பஸ் நிலையத்தில் மோல்டரைப் பார்த்தேன்.

"அந்தம்மாவ வேலைய உட்டுத் தூக்கிட்டாங்க சார்" என்றார்.

நடந்தது இது. ஒரு தொழிலாளியின் காலில் இரும்புக் குழம்பு தெறித்துவிட்டது. அவர் பூட்ஸ் போடாமல் வேலை செய்தார் என்று ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும்படி தொழிலாளர் பிரதிநிதியைக் கேட்டிருக்கிறார்கள். பூட்ஸே கொடுக்கவில்லை என்று சொல்லி இவர் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறார். அடுத்த வாரம் டெம்பரவரி ஆட்களின் பட்டியலில் இவர் பெயர் இல்லை. வேலை குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

"நீங்க நாற்பது பேர் இருந்தீங்களே. யாரும் போய்க் கேக்கலையா?"

"நாங்க இன்னா சார் கேக்கறது? நாங்களா அவள எடுத்தோம்? ஓட்டு போட்டு அனுப்பியிருந்தா எங்க ஆளுன்னு போயி நின்னுருப்போம். சாமி எடுத்துச்சி. சாமி பாத்துக்கும்னு உட்டுட்டோம்."

பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்க அந்தப் பெரியவரிடம் கத்தினேன். கோழை என்றுகூடச் சொன்னேன். அவர் அடுத்து வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நிர்வாகத்தையும் அந்த நாற்பது பேரையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு வந்தேன். என்னைத் திட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. வேலை இருந்தது, போகவில்லை.

ஆய்வேட்டைப் படித்த வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்தது. நிறையப் பாராட்டியிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: நாலாவது அத்தியாயத்தில், எடுத்த சீட்டு மறுமுறை எடுக்கப்படவில்லை என்ற வாக்கியத்துக்கு அடிக்குறிப்பு இல்லை, ஆதாரம் தருக.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதுவா பெரிய விஷயம், அட்டை எங்கேயோ இடம் மாறியிருக்கும் என்று பெட்டிகளைத் தரையில் கவிழ்த்தேன். இரண்டு நாள் தேடினேன். பிறகு மூல நூல்களைத் தேடினேன். இரண்டு வாரம் ஆயிற்று. அந்த வாக்கியத்துக்கு எங்கேயும் ஆதாரம் இல்லை. அதற்கு நேர்மாறான ஆதாரங்கள்தான் இருந்தன. அங்கே பெரும்பாலும் விருப்பம் தெரிவித்தவர்களின் பெயர்தான் குலுக்கலுக்குப் போயிற்று. சீட்டு வந்தவரை உட்கார வைப்பதற்கு முன் கேள்வி கேட்டுச் சோதித்தார்கள். உடம்பு முடியவில்லை என்பது போன்ற காரணம் சொல்லி, சத்தியம் செய்து விலகிக்கொள்ள வழி இருந்தது. முக்கியமான பதவிகளுக்கு மாற்றாளையும் முதலிலேயே சீட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். இவ்வளவும் என் பெட்டியிலேயே இருந்தது, என் கையெழுத்தில், நாலு தனித்தனி அட்டைகளில். படித்தவன் நான். எழுதி வைத்தவன் நான். கை பம்ப் பக்கத்தில் அந்த அம்மா கேட்டபோது இந்த நாலில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அப்படியானால் அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? அட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது விளங்கியது. சொன்னால் வெட்கமாக இருக்கிறது.

எனக்குப் பதினாலு வயது இருக்கும்போது அக்காவுக்கு இரண்டு வரன்கள் வந்தன. ஒன்று காஞ்சிபுரத்துப் பள்ளி ஆசிரியர், அக்கா பார்த்துப் பிடித்துப்போயிருந்தவர். இன்னொன்று திருப்பதிப் பக்கம் வசதியான இடம். எதை முடிப்பது என்று தெரியாமல் அப்பா எங்கள் வீட்டு வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்தார். வெள்ளைப் பூ ஒரு இலையில், சிவப்புப் பூ ஒரு இலையில், இரண்டையும் ஒரே மாதிரி மடித்துப் பெருமாள் முன்னால் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். வெள்ளை வந்தால் காஞ்சிபுரம். சிவப்பு வந்தது. அதுவரை அப்பாவிடம் குரலை உயர்த்தாத அக்கா, "இன்னொரு தரம் எடுங்கோப்பா" என்று கேட்டாள். "பெருமாள்கிட்ட ரெண்டாந்தரம் கேக்கப்படாதும்மா" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் கீழ்நோக்கித்தான் ஓடும் என்பதுபோலச் சொன்னார். அக்கா திருப்பதிப் பக்கம் போனாள். நான் அன்று அப்பா சொன்னதுதான் சரி என்று நினைத்தேன்.

என் கிரேக்கச் சட்டத்துக்கு ஆதாரம் அதுதான். எங்கள் வீட்டுச் சட்டத்தைக் கிரேக்கன் தலையில் கட்டி, அதை அந்த அம்மாவின் தலையில் கட்டியிருக்கிறேன். பானைக்கு மஞ்சள் துணி கட்டியவர்களைப் பார்த்து எரிச்சல்பட்டவன் நான். அவர்களாவது கட்டியதை வெளியே தெரியும்படி கட்டினார்கள். எனக்குள் கட்டியிருந்தது எனக்கே தெரியவில்லை.

வாக்கியத்தை நீக்கிவிடுகிறேன் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள், பட்டம் கிடைத்தது. துறையில் கேசரியும் பஜ்ஜியும் வைத்து விருந்து கொடுத்தார்கள். எல்லாரும் கைகுலுக்கினார்கள். ஒரு வரியை அடித்துவிட்டால் ஆய்வேடு சரியாகிவிடுகிறது, அந்த அம்மாவுக்கு எதை அடிப்பது?

அந்த ஞாயிறே கிளம்பினேன். மோல்டரைத் தேடிப் போய் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போ சார்" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா ஊத்துக்கோட்டைச் சந்தைப் பக்கம் அண்ணனின் நாஷ்டா கடையில் இட்லி ஊற்றுவதாகச் சொன்னார். மகள் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் பெட்டி ஒட்டப் போகிறாள் என்பதையும் சொன்னார்.

காலைக் கூட்டம் முடிந்து கடை காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார்.

"எப்டி கீறீங்க சார்? பெரிய படிப்பு படிக்கிறீங்கன்னு மோல்டரு நைனா சொல்வாரு." உள்ளே திரும்பி, "அண்ணே, நான் சொல்வேன்ல, கிளாஸ் எடுத்த சாரு, இவருதான்" என்றார்.

டீ வந்தது. மனதில் இருப்பதைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். இரண்டு முறை தொடங்கி நிறுத்தி, மூன்றாவது முறை சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க வேற சீட்டு எடுக்கச் சொன்னீங்க. நான் முடியாதுன்னேன். கிரேக்க ஊர்லயும் அப்படித்தான்னு சொன்னேன். அது தப்பும்மா. அங்க வேண்டாம்னு சொல்றவங்க விலகிக்க வழி இருந்தது. அது தெரிஞ்சும் நான் மாத்திச் சொல்லிட்டேன். எங்க வீட்டுல ஒரு வழக்கம் இருக்கு, அதைத்தான் உங்ககிட்ட சொல்லியிருக்கேன். நீங்க கேட்டப்பவே வேற சீட்டு எடுத்திருக்கலாம்."

அவருக்கு உடனே புரியவில்லை. இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே யோசித்தார்.

"எடுத்திருக்கலாமா?"

"எடுத்திருக்கலாம்."

"நீ சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்களா?"

"நான் சொல்லியிருந்தா எடுத்திருப்பாங்க."

துணியைக் கீழே வைத்தார். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"வேல போனப்பக்கூட நான் யாரையும் ஒண்ணியும் சொல்லல சார். பொண்ண ஸ்கூல்ல இருந்து நிறுத்துனப்ப அது ராவெல்லாம் அழுதுச்சி. நான் அழுவல. ஆண்டவரு என் பேர எடுத்து என்னக் கேட்டாரு, நான் குடுத்தேன், அதுக்கு இன்னா அழுவறதுன்னு அதுக்கும் சொல்லி, எனுக்கும் சொல்லிக்கினு கீறேன். இன்னி வரிக்கும் ஒரு சொட்டு கண்ணீர் உட்டதில்ல."

என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப, அது நீதானா சார்?"

ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.